ஒரே பெட்டி, இரண்டு கவுண்டர்கள்

உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லை வீசி, வேலையிடத்தில் உங்கள் வாயை அடைத்தவர் யாராவது உண்டா? உண்டென்றால், அன்று மாலை அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடினீர்களா, இல்லை, "நமக்கெதுக்கு வம்பு" என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனீர்களா? பெரும்பாலோர் டீ குடிக்கத்தான் போகிறோம்.

பூதக்கண்ணாடி போகவில்லை.

அது அவருடைய பெயரல்ல. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டம் அது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம். நிரல் எழுதுவது மற்றவர்கள் வேலை; எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது இவர் வேலை. டெஸ்டர். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாளைய தேதியைப் போடுவார். பெயர் கேட்கும் இடத்தில் வெறும் புள்ளி வைப்பார். 'சேமி' பொத்தானை ஒன்பது தடவை விடாமல் தட்டுவார். பத்தாவது தட்டில் திரை வெளுத்துப்போகும்.

"இப்படியெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்கக்கா" என்று நிரல் எழுதியவர் அழாத குறையாகச் சொல்வார்.

"நான் பண்ணிட்டேனே, தம்பி. அப்போ நான் யாரும் இல்லையா?"

வயது நாற்பத்து நான்கு. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. நின்றது என்ன, நிறுத்தினார்கள். அண்ணன் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. தட்டச்சு படித்து, எட்டு வருடம் தகவல் பதிவு செய்யும் வேலை பார்த்து, படிப்படியாக இந்த நாற்காலிக்கு வந்தவர். நாற்காலி பிரிண்டருக்குப் பக்கத்தில். தலை சாய்க்க வசதியுள்ள நாற்காலிகள் ஜன்னலோரம், நிரல் எழுதுகிறவர்களுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. இந்த மாதிரி விஷயங்களுக்குச் சட்டம் தேவைப்படுவதே இல்லை.

ஜன்னலோர வரிசையின் தலைமகன் முப்பத்தொரு வயது தலைமை வடிவமைப்பாளர். எந்த நிரலின் எலும்புக்கூட்டையும் அவர்தான் முதலில் வரைவார். அதனால் 'சிற்பி' என்று பட்டம். நல்ல மூளை, அதைவிட நல்ல நாக்கு. பூதக்கண்ணாடி ஒரு குறையை எடுத்துக்கொண்டு போனால், சிற்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "அது அப்சர்வர் பேட்டர்ன்க்கா. அப்படித்தான் இருக்கும்." இன்னொரு நாள், "அது சிங்கிள்டன்க்கா. உங்களுக்குச் சொன்னா புரியாது."

மந்திரத்தின் வலிமை அது புரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. புரியாத மொழியில் ஓதினால் கேட்பவன் கைகட்டி நிற்பான் என்பது மனிதர்கள் கண்டுபிடித்த பழைய தந்திரங்களில் ஒன்று. சிற்பி அதைத் தெரிந்து செய்தார் என்று சொல்ல முடியாது. தெரியாமல் செய்தாலும் விளைவு ஒன்றுதான்.

நான்கு முறை கைகட்டி நின்ற பிறகு, பூதக்கண்ணாடி நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கி வந்தார். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை, சமையலறை மேசையில், ஏழு மாதம்.

புத்தகம் சொன்னது இதுதான். ஆப்ஜெக்ட் என்பது தனக்கு வேண்டிய தகவலையும் தன் வேலையையும் தன்னிடமே வைத்திருக்கும் ஒரு துண்டு நிரல். அப்படிப்பட்ட துண்டுகளைச் சேர்த்துப் பெரிய நிரல் கட்டும்போது, சில சிக்கல்கள் திரும்பத் திரும்ப வரும். பலரும் பல தடவை முட்டி மோதிக் கண்ட தீர்வுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அந்தத் தீர்வுகள்தான் டிசைன் பேட்டர்ன். எதுவும் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு மதியம் இருந்தது. அதைக் கண்டுகொண்ட அன்று அவருக்குப் பாதி பயம் போயிற்று.

மீதிப் பாதியைப் போக்கியவர் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஷூ மாட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா, முகத்தைச் சுளிக்கிறே?"

"ஸ்டேட் பேட்டர்ன்னு ஒண்ணு. ஒரு பொருள் எந்த நிலைமையில இருக்கோ அதுக்குத் தக்கபடி நடந்துக்கணுமாம். ரெண்டு நாளா மண்டையில ஏற மாட்டேங்குது."

"லிஃப்ட் மாதிரியா?"

"எப்படி?"

"கதவு திறந்திருக்கிறப்போ நாலாவது மாடி பொத்தானை அமுக்கு. கேட்டு வெச்சுக்கும், ஆனா நகராது. கதவு மூடினப்புறம் அதே பொத்தானை அமுக்கு. கிளம்பிடும். பொத்தான் ஒண்ணுதான், லிஃப்ட் இருக்கிற நிலைமைதான் வேற."

பூதக்கண்ணாடி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கா இவ்வளவு தடிப் புஸ்தகம்?" என்றார் கணவர். "என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே."

"நீங்க சொன்னா யாரு நம்புவா? உங்க கையில கிரீஸ் இருக்கு."

படித்ததை அவர் ஒரு நீள நோட்டில் எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி. முதலாவது, என்ன வலி. இரண்டாவது, என்ன மருந்து. மூன்றாவது பத்தி புத்தகத்தில் பெரும்பாலும் இல்லாதது: இந்த மருந்து யாருக்கு ஆகாது. அதை நிரப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி உடைப்பதுதான். ஒவ்வொரு பேட்டர்னையும் வைத்து ஒரு குட்டி நிரல் எழுதுவார். எழுதிய கையோடு அதைக் கெடுக்கப் பார்ப்பார். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எங்கே பொருந்தும் என்று தேடுவார்கள். டெஸ்டர் எங்கே விரிசல் விடும் என்று தேடினார். சிங்கிள்டன் பக்கத்தில், நிரல் முழுவதற்கும் ஒரு வகைப் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும் என்ற அந்தப் பக்கத்தில், மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: "ரெண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால்? முதல் ஆள் வைத்ததை ரெண்டாவது ஆள் அழித்துவிடுவார். ரெண்டு பேருக்கும் தெரியாது."

இப்படியிருக்கையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எல்லோரும் 'வலிக்காத கை' என்பார்கள். அவர் ஊசி போட்டால் குத்தியதே தெரியாது. அவர் கவுண்டர் முன்னால்தான் வரிசை நீளும். நான்கு வருடத்துக்கு முன் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கப் போன பூதக்கண்ணாடி அவர் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அதோடு சரி. இப்போது அழைத்தது அவர்.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?"

"உன் கையை யாரு மறப்பா? சொல்லு."

சொன்னார். போன செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமான சோதனைக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. உடனே படுக்கையில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். மருந்தில் தலைசுற்றி, வார்டில் விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த ரத்தம் அவருடையதே அல்ல. அன்று வந்த ஒரு சிறுநீரக நோயாளியுடையது; அவர் பேரில் ரிப்போர்ட்டே இல்லை, ஆசிரியை பேரில் இரண்டு. பதிவேட்டில், 'சேமித்தவர்' என்ற இடத்தில் வலிக்காத கையின் பெயர். "ஊழியரின் கவனக்குறைவு" என்று ஒரு வரிக் கடிதம். வேலைக்கு வர வேண்டாம்; அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை.

"நான் சரியான பேரைத்தான்க்கா எடுத்தேன். ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அமுக்கினேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொல்றாங்க."

"சொல்லாதுதான். எழுதி வெச்சதை அப்படியே செய்யும். எழுதி வெச்சது என்னன்னு பார்ப்போம், இரு."

இங்கேதான் இந்தப் பெண்மணியை வணங்கத் தோன்றுகிறது. வணக்கம் அவருக்குப் பிடிக்காது என்பதால் விவரத்தைச் சொல்லிவிடலாம். பாவம் நல்ல பெண், பொய் சொல்ல மாட்டாள் என்று அவர் நம்பிவிடவில்லை. அவள் சொல்வது உண்மையென்றால் வேறு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். தவறு நிரலுடையது என்றால் அது ஒரு தடவை மட்டும் நடந்திருக்காது. ஒருவர் பேரில் இரண்டு ரிப்போர்ட்டும், இன்னொருவர் பேரில் ஒன்றுமே இல்லாமலும் போன நாட்கள் வேறும் இருக்க வேண்டும். அவற்றில் வேறு ஊழியர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.

குறைகளை ஆராய நிறுவனத்துக்கு அனுமதியிருந்த பதிவேட்டில் தேடினார். அந்தச் செவ்வாயையும் சேர்த்துப் பதினோரு நாட்கள் கிடைத்தன. பதினொன்றிலும் ஒன்று போலவே: ஒருவருக்கு இரண்டு ரிப்போர்ட், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. ரிப்போர்ட் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்துக் கதையை முடித்திருந்தார்கள். சேமித்த ஊழியர்கள் ஆறு பேர். ஒவ்வொரு தடவையும் இரண்டு கவுண்டர்களிலும் ஒரே விநாடியில் 'சேமி' அழுத்தப்பட்டிருந்தது. பதினொன்றும் கடந்த பதினான்கு மாதத்துக்குள். அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் ஒரே ஒரு கவுண்டர்தான் இருந்தது.

பிறகு நிரலைத் திறந்தார். படிக்கும் அனுமதி எப்போதும் இருந்தது; படித்துப் புரியும் என்ற எண்ணம்தான் இல்லாமல் இருந்தது. அரை மணியில் கிடைத்துவிட்டது. 'தற்போதைய நோயாளி' என்று ஒரு ஆப்ஜெக்ட். சிங்கிள்டன். நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு பெட்டி. யார் 'சேமி' அழுத்தினாலும் நிரல் நோயாளியின் பெயரை அந்தப் பெட்டியில் போடும், முடிவுகளைச் சரிபார்க்கும், பிறகு பெட்டியிலிருந்து பெயரை எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டும். போடுவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் பக்கத்துக் கவுண்டர்காரர் அவருடைய நோயாளியைப் பெட்டியில் போட்டுவிட்டால், முதல் ஆளின் ரத்தத்துக்கு இரண்டாம் ஆளின் பெயர்.

மறுநாள் சிற்பியிடம் போனார்.

"அக்கா, லட்சம் ரிப்போர்ட் போயிருக்கு. பதினொண்ணு மாறியிருக்கு. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை."

"பதினோரு தடவை உக்காந்து பதினோரு தடவையும் விழுந்திருக்கு, தம்பி. காக்காவைக் கொஞ்சம் விசாரிக்க வேணாமா?"

"அது சிங்கிள்டன். உலகம் முழுக்கப் பயன்படுத்தற பேட்டர்ன்."

"பேட்டர்ன்ல தப்பில்ல. வெச்ச இடம்தான் தப்பு. பிரிண்டருக்கு வெச்சிருந்தா நானே சபாஷ் சொல்லியிருப்பேன். நோயாளி என்ன ஊருக்கெல்லாம் ஒருத்தரா?"

சிற்பி முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். கோபம்தான் தெரிந்தது. "நிரூபிச்சுக் காட்டுங்க."

கேட்டது நியாயம்தான். ஆனால் நிரூபணம் கையில் இருக்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் இரண்டு லேப்டாப். சோதனைக்கென்று வைத்திருந்த பிரதியை ஓட்டி, ஒன்றில் அவரும் மற்றதில் கணவரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து அமுக்க வேண்டும். நூறு தடவை. நூற்றுக்குப் பதினெட்டில் பெயர் மாறியது.

"கல்யாணம் ஆகி இருபது வருஷம்," என்றார் கணவர் விரலை உதறிக்கொண்டு. "நாம சேர்ந்து ஒரே நேரத்துல செஞ்ச முதல் வேலை இதுதான்."

"அதுலயும் எண்பத்திரண்டு தடவை நீங்க லேட்டு."

திங்கட்கிழமை, கூட்ட அறையில் மேலாளரும் சிற்பியும். பூதக்கண்ணாடி முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டார்: "ஒரு விநாடி விட்டு அமுக்கினால் இருபதுக்கு ஒன்றுமில்லை. சேர்ந்து அமுக்கினால் இருபதுக்கு இரண்டிலிருந்து ஆறு." சோசியக்காரர் நடந்த பிறகு விளக்கம் சொல்வார். அறிவியல் நடப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு, பொய்த்தால் தலைகுனியத் தயாராக நிற்கும்.

முதல் இருபது தடவை ஒன்றும் ஆகவில்லை. சிற்பி உதட்டோரமாகச் சிரித்தார். சேர்ந்து அமுக்கிய அடுத்த இருபதில் எட்டு தடவை வரை ஒன்றுமில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது தடவை, மேலாளர் பதிந்த 'சோதனை அப்பாவு' என்ற நோயாளியின் ரத்தம், சிற்பி பதிந்த 'சோதனை முத்தக்கா'வின் பேரில் போய் உட்கார்ந்தது. பிறகு பதிமூன்று. பதினான்கு. பத்தொன்பது. மொத்தம் நான்கு.



"கண்டுபிடிச்சுட்டீங்க. சபாஷ்," என்றார் மேலாளர். "சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். நாளைக்கே புது வெர்ஷன் அனுப்பிடலாம்."

"அந்தப் பொண்ணு?"

"அது ஆஸ்பத்திரி விவகாரம். நாம எதுக்கு நடுவுல?"

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவர்கள் அம்பைக் குப்பையில் போட்டுவிட்டு வில்லுக்குப் புது நாண் கட்டப் பார்த்தார்கள்.

இந்த நிறுவனத்தில் ஒரு நடைமுறை உண்டு. புது வெர்ஷன் போகும்போது என்ன மாறியது என்று ஒரு தாளும் கூடப் போகும். அடியில் டெஸ்டர் கையெழுத்து. அது இல்லாமல் எந்த மருத்துவமனையும் மென்பொருளைத் தொடாது. மாலையில் மேலாளர் தாளை நீட்டினார். அதில் ஒரே வரி: "செயல்திறன் மேம்பாடு."

"ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போறதை நிறுத்தினா, அதுக்குப் பேரு செயல்திறனா சார்?"

"எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

"என்ன தப்பு, எப்போலேருந்து, எந்தப் பதினோரு நாள். மூணையும் எழுதுங்க, கையெழுத்து போடறேன்."

"போடலைன்னா வேற டெஸ்டர் போடுவாங்க."

"தேடிக்கோங்க சார். அவங்க வர்றதுக்குள்ள வியாழக்கிழமை போயிடும்னு பாக்கறீங்க. நான் அதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்."

நாற்பத்து நான்கு வயதில், பட்டம் இல்லாமல், இன்னொரு நிறுவனத்தில் நாற்காலி கிடைப்பது குதிரைக் கொம்பு. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை சிற்பி பிரிண்டர் பக்கம் வந்தார். அந்தப் பக்கம் அவர் வருவதே அதிசயம்.

"அந்த நோட்டைக் குடுங்கக்கா."

சிங்கிள்டன் பக்கத்தைப் படித்தார். மூன்றாவது பத்தியை இரண்டு தடவை படித்தார்.

"நான் எழுதினப்போ ஒரு கவுண்டர்தான் இருந்துச்சு."

"தெரியும், தம்பி. அன்னைக்கு அது ஓடுச்சு."

"ரெண்டாவது கவுண்டர் திறந்தப்போ நான் நிரலைத் திறந்துகூடப் பாக்கல. எனக்கு மனப்பாடம்னு நெனச்சேன்."

போய் உட்கார்ந்து தாளின் முதல் வரியைத் தன் கையாலேயே எழுதினார்: தவறு என் வடிவமைப்பில். பதினான்கு மாதமாக இருக்கிறது. ஊழியர்கள் செய்த தவறு அல்ல. கீழே பதினோரு தேதிகள். தன் கையெழுத்தைப் போட்டு, பூதக்கண்ணாடியின் கையெழுத்தையும் வாங்கி மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். மேலாளர் கத்தினார், கதவு மூடியிருந்தும் மெத்தைக் கடைவரை கேட்டது. இரண்டு கையெழுத்துக்கு எதிராக அவரால் கத்த மட்டும்தான் முடிந்தது.

சரிசெய்த நிரலை எழுதியது பூதக்கண்ணாடி. ஒரே பெட்டியைத் தூக்கிவிட்டு, 'சேமி' அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த நோயாளிக்கென்று புதிதாக ஒரு பெட்டி செய்து கொடுக்கும் ஃபேக்டரி என்ற பேட்டர்ன். நாற்பது வரிகூட வரவில்லை. சிற்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஓர் இடத்தில் மட்டும் விரலை நீட்டி, "இந்தப் பேரு இன்னும் தெளிவா இருக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. மாற்றினார். பிறகு ஆயிரம் தடவை அமுக்கிப் பார்த்தார்கள், இந்தத் தடவை அதற்கென்று ஒரு நிரலை எழுதி. ஒன்றுகூட மாறவில்லை.

வியாழக்கிழமை விசாரணை அறையில் மருத்துவமனை அதிகாரிகள் நான்கு பேர். ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு, "உங்க படிப்பு என்னம்மா?" என்று பூதக்கண்ணாடியைக் கேட்டார்.

"பன்னிரண்டாவது சார். ரெண்டு கம்ப்யூட்டர் கொண்டுவரச் சொல்லுங்க. நீங்களே இருபது தடவை அமுக்கிப் பாருங்க. அதுக்குப் படிப்பு வேண்டாம்."

பழைய வெர்ஷனில் அமுக்கிப் பார்த்தார்கள். ஐந்து தடவை மாறியது.

திங்கட்கிழமை வலிக்காத கை வேலைக்குத் திரும்பினார். "அக்கா, வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்குது" என்று மதியம் பேசினார். அழுதார், சிரித்தார், சாப்பிட நேரமில்லை என்று வைத்துவிட்டார். ஆசிரியையிடம் மருத்துவமனை வருத்தம் தெரிவித்தது. சிற்பி ஒரு மாதம் பூதக்கண்ணாடியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு, புதிதாக எதை வரைந்தாலும் முதலில் பிரிண்டர் பக்கம் கொண்டுவந்து, "எங்கே உடையும், சொல்லுங்க" என்று நிற்கிறார். நாற்காலி இன்னும் ஜன்னலோரம் போகவில்லை.

இன்னொன்றும் ஆகவில்லை. "ஊழியரின் கவனக்குறைவு" என்ற அந்தக் கடிதம் வலிக்காத கையின் கோப்பில் அப்படியே இருக்கிறது. போட்ட கடிதத்தை எடுக்க விதியில் இடமில்லையாம். போட இடமிருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைப் புரட்டுவார். பூதக்கண்ணாடி மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டார், நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு கோப்பு இருக்கும். கவனக்குறைவு, கைப்பிழை, அலட்சியம் என்று ஏதோ ஒரு பெயரில், கீழ் நாற்காலியில் இருக்கும் யாரோ ஒருவர் தலையில் கட்டப்பட்ட ஒரு வரி. இந்த வாரமே அதைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஊழியரிடம் போய் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது உண்மையென்றால் வேறு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். அவையும் உண்மையாக இருந்தால், அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி உங்கள் பெயரைப் போட்டு எழுதிக் கொடுங்கள்.